நிரந்தரமும் ஒரு சம்பளம்தான்

சென்னை ஆதம்பாக்கத்தில் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. டெலிபோன் காலனி இருக்கிறது. வேளச்சேரிப் பக்கம் நகர்ந்தால் கணக்காயர் அலுவலக ஊழியர்களின் ஏ.ஜி.எஸ். காலனி. ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதியில் மனை வாங்கிக் குடியேறிய முதல் தலைமுறையில் குமாஸ்தாக்களும் தொலைபேசித் துறை ஊழியர்களும் தணிக்கை அலுவலகக்காரர்களும் ஏராளம். அவர்கள் கைக்கு வந்த சம்பளம் பெரியதல்ல. ஆனால் இருபது வருடம் கழித்தும் அந்தச் சம்பளம் மாதம் தவறாமல் வரும் என்பது கடன் கொடுத்த கூட்டுறவுச் சங்கத்துக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையை அடமானமாக வைத்துத்தான் இத்தனை வீடுகள் எழும்பின.

இன்று அந்தப் பழைய வீடுகளை இடித்துக் கட்டிய அடுக்ககங்களில், கிண்டிக்கும் ஓ.எம்.ஆருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் மூன்று மாதத்தில் சம்பாதிப்பதை அந்தக் காலத்துக் குமாஸ்தா பல வருடங்களில் பார்த்திருப்பார். இருந்தும் வீட்டுக் கடன் வாங்க வேண்டும் என்றால் கை நடுங்குகிறது. கடனோ இருபது வருடத்துக்கு. வேலையோ அடுத்த அப்ரைசல் வரைக்கும்.

அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு சண்டை எழுகிறது. ‘இவர்களுக்கு மட்டும் ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்?’ என்று ஒரு தரப்பு. ‘ஐ.டி.க்காரர்கள் லட்சக்கணக்கில் வாங்கும்போது யாராவது கேட்டீர்களா?’ என்று மறு தரப்பு. இது டி.வி. விவாதத்தில் மட்டும் நடப்பதல்ல. அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மகன் கம்பெனியில் என்ற வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் நடப்பது. இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு தரப்புமே பார்க்கத் தவறும் பிரிவினை ஒன்று இருக்கிறது. அது நிரந்தரம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான பிரிவினை. அந்தக் கோடு இன்று அரசு அலுவலகத்துக்கு உள்ளேயே ஓடுகிறது. கோட்டைப் போட்டதும் அரசுதான்.

முதலில் சம்பளக் கணக்கு. 2017 அக்டோபரில் ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டித் தமிழக அரசு ஊதியத்தைத் திருத்தியபோது, அடிப்படை ஊதியத்தின் கீழ்மட்டம் 6,100 ரூபாயிலிருந்து 15,700 ஆனது, மேல்மட்டம் 2,25,000. அலுவலக உதவியாளர் 15,700-இல் தொடங்குகிறார். இளநிலை உதவியாளரும் கிராம நிர்வாக அலுவலரும் 19,500-இல். 2025 ஜூலை முதல் கணக்கிடப்பட்ட 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் இளநிலை உதவியாளருக்கு முதல் மாதமே 30,810 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். அலுவலக உதவியாளருக்கே 24,800-ஐத் தாண்டுகிறது. கிண்டியின் கண்ணாடிக் கட்டட வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டிக்கும், உள்ளே தரை துடைக்கும் பெண்ணுக்கும் பெரும்பாலும் இதில் பாதியை ஒட்டித்தான் கையில் வருகிறது.

ஒரு படி மேலே வருவோம். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பொறியியல் முடித்த புதியவர்களுக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடங்களாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. அது சி.டி.சி. கணக்கு, பி.எஃப்., காப்பீடு எல்லாம் பிடித்த பிறகு கைக்கு வருவது இளநிலை உதவியாளர் வாங்குவதைவிடக் குறைவு. திறமையும் நேரமும் கூடிவந்தால் ஏழெட்டு வருடத்தில் தனியார் ஊழியர் அரசு ஊழியரைத் தாண்டிச் சென்றுவிடுவார்; அதற்குப் பிறகு ஒப்பீட்டுக்கே இடமில்லை. தமிழக அரசின் ஊதிய அட்டவணையில் உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 14 மடங்கு. டி.சி.எஸ். தலைமைச் செயல் அதிகாரியின் 2024-25 ஊதியம் 26 கோடி ரூபாயைத் தாண்டியது. மூன்றரை லட்சத்தில் சேரும் புதியவரோடு ஒப்பிட்டால் அது எழுநூறு மடங்குக்கும் மேல்.

ஆக, ‘அரசு ஊழியர்கள் அதிகம் வாங்குகிறார்கள்’ என்பதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. அடிமட்டத்தில் அரசு அதிகம் கொடுக்கிறது. உச்சியில் மிகக் குறைவாகக் கொடுக்கிறது. ஒரு கடைநிலை ஊழியர் தன் பிள்ளையைப் படிக்கவைக்கும் அளவுக்குச் சம்பாதிப்பது ஊதாரித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே வேலையைச் செய்யும் தனியார் ஊழியரால் அது முடியவில்லையே என்பதுதான் என் கவலை.

2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13.9 லட்சம். ஓர் இடத்துக்கு முந்நூற்றைம்பது பேர். அதற்கு முந்தைய ஆண்டு 6,244 இடங்களுக்கு இருபது லட்சம் பேர். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வுக்கு எம்.ஏ., பி.இ. முடித்தவர்கள் உட்காருகிறார்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். டிஃபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து இருட்டும்வரை நகராத முகங்கள். இருபத்திரண்டு வயதில் தொடங்கி முப்பதைத் தொடும்வரை அப்படிப் படிக்கிறவர்கள் உண்டு. அந்த வருடங்களுக்குச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை. ஊரிலிருந்து அம்மா போனில் கேட்கும் கேள்விக்குப் பதிலும் இல்லை. இவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். சந்தையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சம்பளத்துக்கு வெளியே உள்ளவற்றைப் பார்த்தால் இடைவெளி இன்னும் அகலம். ஒரு குழந்தை பிறப்பதையே எடுத்துக்கொள்வோம். தமிழக அரசின் நிரந்தரப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் முழுச் சம்பளத்துடன் 12 மாத மகப்பேறு விடுப்பு. தனியார் நிறுவன ஊழியருக்கு 2017 சட்டத் திருத்தத்தின்படி 26 வாரம். அவர்கள் இருவர் வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி; அவ்வளவுதான். வேலையை விட்டு நிற்கும் மாதங்களுக்கு அவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. மூன்று பேரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

முதுமைக்கு வருவோம். தனியார் ஊழியரின் ஓய்வூதியம் என்பது ஈ.பி.எஸ். என்னும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம். அதற்குக் கணக்கில் எடுக்கப்படும் சம்பள உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய். சூத்திரம் எளிது: அந்தச் சம்பளத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். 35 வருடம் உழைத்தவருக்கு மாதம் 7,500. கடைசியாக அவர் லட்ச ரூபாய் வாங்கியிருந்தாலும், உச்சவரம்புக்கு உட்பட்டுப் பணம் கட்டிய பெரும்பாலோருக்கு இதுதான் கதி. 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். பால், காய்கறியை விடுங்கள். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்குக்கூட அது காணாது.

அரசு ஊழியரின் ஓய்வூதியமும் சிலர் நினைப்பதுபோல் எல்லோருக்கும் பத்திரமாக இல்லை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று ஆகிவிட்டது. சம்பளத்தில் பத்து சதவீதம் அவர் கட்ட, அரசு அதே அளவு கட்ட, ஓய்வு நாளில் திரண்ட தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத ஓய்வூதியம் இல்லை. ஆக, பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரே கோப்பில் கையெழுத்துப் போட்ட இருவரில், 2003 மார்ச்சில் சேர்ந்தவருக்கு ஒரு முதுமை, மே மாதம் சேர்ந்தவருக்கு வேறொரு முதுமை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊழியர் சங்கங்கள் போராடிய பிறகு, 2026 ஜனவரியில்தான் கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

அதே 2003-இன் ஜூலையை அரசு ஊழியர் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. பறிக்கப்பட்ட சலுகைகளுக்காக வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மாவின் கீழ் ஒரேயடியாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் அரசு ஊழியர்களின் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றத்தின் தலையீட்டால் பெரும்பாலோர் திரும்ப வேலையில் சேர முடிந்தது. அசைக்க முடியாதது என்று ஊர் நம்பிய வேலை ஓர் அவசரச் சட்டத்தில் போய்விடும் என்பதை அந்த மாதம் காட்டியது.

அவர்களாவது திரும்பி வந்தார்கள். மக்கள் நலப் பணியாளர்களின் கதை வேறு. 1989-இல் கிராமங்களில் நியமிக்கப்பட்டார்கள். 1991-இல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டார்கள். 1997-இல் சேர்க்கப்பட்டு 2001-இல் நீக்கம். 2006-இல் சேர்க்கப்பட்டு 2011 நவம்பரில் நீக்கம். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் அடுப்பு இரண்டு கட்சிகளின் தேர்தல் வெற்றி தோல்வியில் எரிந்து அணைந்தது. கடைசியாக 2022-இல் மாதம் 7,500 ரூபாய்க்கு மீண்டும் வேலை தரப்பட்டபோது பலருக்குத் தலை நரைத்திருந்தது. 1997-இல் சேர்க்கப்பட்ட பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் 2002-இல் நீக்கப்பட்டு, 2006-இல் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இவர்கள் வேலை பார்த்ததும் அரசிடம்தான். ‘கவர்ன்மென்ட் வேலை’ என்று ஊரில் சொல்லிக்கொண்டவர்கள்தான்.

தொகுப்பூதியம், மதிப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம், தினக்கூலி, அவுட்சோர்சிங்: அரசுக்குள் இருக்கும் படிக்கட்டுகள் இவை. ஒவ்வொரு படியிலும் நிற்பவருக்கு அடுத்த படி மேலே தெரியும், ஏற முடியாது. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் எடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அது 12,500-ஐத் தொட்டிருந்தது. அந்த வருடங்களில் மே மாதம் பள்ளி மூடினால் அந்த மாதச் சம்பளம் கிடையாது; பள்ளிக்கு விடுமுறை, அவர்கள் வயிற்றுக்கு இல்லை.

செவிலியர்கள் விஷயம் இன்னும் வருத்தம் தருவது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் சுரண்டப்படுவது பற்றி உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியதால் 2016-இல் மத்திய அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. மிகச் சிறிய தனியார் மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000-க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலிருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றது அந்தக் குழு. அரசு என்பது தனியாருக்கு அளவுகோல் என்ற எண்ணம் அந்தப் பரிந்துரையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் பல வருடங்கள், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்களே தமிழக அரசு மருத்துவமனைகளில் 14,000-க்கும் 18,000-க்கும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார்கள். கொரோனா வார்டில் நின்றவர்களில் அவர்களும் உண்டு. தன் சொந்த மருத்துவமனையில் அரசு இப்படி நடந்துகொண்டால், எந்த நர்சிங் ஹோம் முதலாளியைப் பார்த்து அது விரல் நீட்ட முடியும்?

இனி நம் தெருவுக்கு வருவோம். ஆலந்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆதம்பாக்கம் இன்று 12-ஆவது மண்டலத்தில் இருக்கிறது. ஆலந்தூர், அடையாறு, தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் உள்ளிட்ட ஏழு மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி 2020-இலிருந்து தனியார் நிறுவனத்தின் கையில். சென்னையின் தெற்குப் பாதியில், பின்னாளில் வடக்கில் எழுந்த அளவுக்கு எதிர்ப்பில்லாமல் இது நடந்து முடிந்தது. பேட்டரி வண்டிகள் வந்தன, சீருடை மாறியது. வண்டிக்குப் பின்னால் நடப்பவரின் சம்பளச் சீட்டில் என்ன மாறியது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குப்பை போனால் போதும் என்று இருந்துவிட்டோம்.

வடக்கில் அப்படி நடக்கவில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போனபோது, 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகையின் முன் நடைபாதையில் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள், அதிகமும் பெண்கள். நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வருடக்கணக்காக மாநகராட்சிக்கு வேலை செய்தவர்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம், கம்பெனிக்குப் போனால் 16, 17 ஆயிரமாகிவிடும் என்றார்கள். அதைவிட முக்கியமாக, என்றாவது ஒருநாள் மாநகராட்சியில் பர்மனென்ட் ஆகலாம் என்ற நம்பிக்கை அறுந்துபோகும் என்றார்கள். பதின்மூன்று நாள் மழையிலும் வெயிலிலும் இருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவை ஒட்டி, நடைபாதையை விடுவிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, காப்பீடு உட்படப் பல நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. அவை நல்ல திட்டங்கள்தான். ஆனால் அந்தப் பெண்கள் நடைபாதையில் உட்கார்ந்தது காலை உணவு கேட்டு அல்லவே.

கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். அரசின் அடிமட்ட ஊதியமான 15,700-இல் நிரந்தரமாகச் சேரும் ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்று சதவீத இன்கிரிமென்ட். இன்றைய விகிதத்தில் இருபது ஆண்டில் அடிப்படை ஊதியம் 28,000-ஐத் தாண்டும். அகவிலைப்படியோடு 44,000-க்கு மேல். இருபது வருடம் ஒப்பந்தத்தில் பெருக்கிய பெண்ணுக்கு இன்கிரிமென்ட் என்ற சொல்லே பழக்கமில்லை. நேற்றுச் சேர்ந்தவருக்கும் அவருக்கும் ஒரே தினக்கூலி. தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கும் நிரந்தர வேலைகளுக்குத் தற்காலிகம் என்று பெயரிட்டு ஊழியரை வைத்திருப்பதை அதே நீதிமன்றம் கண்டித்தது. ஆனால் ஊழியரைக் கம்பெனி வழியாக எடுத்துவிட்டால், ‘அவர் எங்கள் ஆளே இல்லை’ என்று மாநகராட்சி கைவிரித்துவிடலாம். அவுட்சோர்சிங்கின் கவர்ச்சியே அதுதான்.

இதில் இன்னொன்றும் போகிறது, அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு நிரந்தர அரசுப் பணிக்கு உண்டு. கம்பெனி எடுக்கும் ஒப்பந்த ஆளுக்கு இல்லை. ஒரு பட்டியல் சாதிக் குடும்பத்தில் முதல் நிரந்தரச் சம்பளம் எத்தனை பேரைக் கரையேற்றியது என்பதை இந்த மாநிலத்தில் விளக்க வேண்டியதில்லை. பெருக்கும் வேலையும் அவர்களுக்கே, அதில் கிடைத்த ஒரே ஆதாயமான நிரந்தரமும் அவர்களுக்கு இல்லை என்றால், இழப்பு வெறும் ஆறாயிரம் ரூபாய் அல்ல.

தனியார் துறைக்கு நிரந்தரம் அந்நியமானதும் அல்ல. 1918-இல் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய ஊர் இது. அதன் பின்வந்த தலைமுறைகளில் சிம்ப்சனிலும் டி.வி.எஸ்.ஸிலும் அசோக் லேலண்டிலும் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர் பெண் கேட்டுப் போனால், அரசு ஊழியருக்குக் கிடைத்த அதே மரியாதை அவருக்கும் கிடைத்தது. போனஸ், கேன்டீன், ஒப்பந்த ஊதியம் எல்லாம் சங்கம் பேசி வாங்கியவை. முதலாளி மனமிரங்கித் தந்தது குறைவு. சங்கம் மெலிந்த இடத்தில் நிரந்தரமும் மெலிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருபதுகளின் நடுவில் செட்டில்மென்ட் தொகையோடு வீடு திரும்பினார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்து மறு ஆண்டு கடைசிக் காரை வெளியே அனுப்பியது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் இரண்டு சதவீதத்தை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, நடுத்தர வயதில் இ.எம்.ஐ. கட்டும் எத்தனை வீடுகளில் அன்று இரவு தூக்கம் போயிருக்கும்! ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனாலும் தான் ஒரு தொழிலாளி என்று ஒப்புக்கொள்ள ஐ.டி. ஊழியர் இன்னும் தயங்குகிறார். சங்கம் என்று பதிவு செய்வதற்கே சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒரு நன்மை உண்டு: குறித்த காலத்துக்கு எடுக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. கூடவே ஒரு கேடும் உண்டு: ஆலையை மூடவோ ஆட்குறைப்பு செய்யவோ அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் 300 பேருக்கு மேல் உள்ள பட்டறைகள் எத்தனை இருக்கப்போகின்றன?

அரசு நிறுவனம் என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை. தொலைபேசித் துறை ஊழியர்கள் 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் ஆனார்கள். 2019-இல் சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. 2020 ஜனவரி 31 அன்று, விருப்ப ஓய்வு என்ற பெயரில் 78,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் அவர்கள், பெயர்தான் விருப்பம்.

எதிர்த்தரப்பின் வாதத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. தமிழக அரசின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. வரி கட்டும் செக்யூரிட்டியும் பெயின்டரும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் அந்தச் செலவில் பங்கு கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தவர் பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் போகும்போது பணம் கேட்டால், அலைக்கழித்தால், அவருக்கு வரும் ஆத்திரம் நியாயமானது. நிரந்தரம் என்பது ஊழியருக்கு ஏன் கொடுக்கப்பட்டது? அமைச்சரோ ஒப்பந்ததாரரோ சட்டத்துக்குப் புறம்பாகக் கையெழுத்துக் கேட்டால் ‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும் என்பதற்காக. அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவு கொடுத்த கவசம் அது. அந்தக் கவசத்தை அணிந்துகொண்டு எளியவரிடம் ‘முடியாது’ என்று சொல்கிறவரை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். குறித்த நாளுக்குள் சேவை தராத அதிகாரிக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-இலும் பிகார் 2011-இலும் கொண்டுவந்தன. தமிழகத்திலும் அது நீண்ட நாள் கோரிக்கை. சம்பளத்துக்காக வீதிக்கு வரும் சங்கங்கள் அந்தக் கோரிக்கையையும் ஏந்தி வந்தால் மக்களின் பார்வை ஒரே வருடத்தில் மாறும்.

ஆனால் லஞ்சத்துக்கு மருந்து ஒப்பந்த முறை அல்ல. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் மேலதிகாரியை எதிர்த்து எதையும் சொல்ல மாட்டார். செலவுக்கும் அது மருந்தல்ல: தூய்மைப் பணியாளரிடம் மிச்சம் பிடிக்கும் தொகையில் ஒரு பகுதி ஒப்பந்ததாரரின் லாபமாகப் போகிறது, அவருக்கு நோய் வந்தால், அவர் பிள்ளை படிப்பை விட்டால், முதுமையில் அவருக்குச் சோறில்லை என்றால் அந்தச் செலவு வேறு தலைப்பில் அரசிடமே திரும்ப வருகிறது.

என்ன செய்யலாம்? ஈ.பி.எஸ். குறைந்தபட்ச ஓய்வூதியத்தையும் அதன் சம்பள உச்சவரம்பையும் 2014-இலேயே உறைய விட்டதை மத்திய அரசு முதலில் சரிசெய்ய வேண்டும். இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய் வரம்பும் 2017-இலிருந்து அப்படியே நிற்கிறது. சம்பளம் ஐந்நூறு ரூபாய் கூடியதால் மருத்துவ அட்டையை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை உயரும்போது இந்த வரம்புகள் மட்டும் ஏன் உயரக் கூடாது? அரசு ஊழியருக்கு உள்ளதைப் பிடுங்கித் தனியார் ஊழியருக்கு ஆறுதல் தர முடியாது. அவருக்கு உள்ளதில் ஒரு பங்காவது இவருக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டும்.

மாநில அரசும் மாநகராட்சியும் செய்யக்கூடியதற்கு டெல்லியைப் பார்க்க வேண்டியதில்லை. தினமும் நடந்தே தீர வேண்டிய வேலைக்கு ஒப்பந்த ஆள் கூடாது. வகுப்பறை, பிரசவ வார்டு, குப்பை மூன்றும் அந்தக் கணக்கில் வரும். ஒரே நாளில் எல்லோரையும் நிரந்தரமாக்க நிதி இல்லை என்றால், பணிமூப்பு வரிசைப்படி ஆண்டுக்கு இத்தனை பேர் என்று அட்டவணை போட்டு, அதைச் சட்டசபையில் வைக்கட்டும். எப்போது என்று தெரிந்தால் காத்திருக்க அவர்கள் தயார். இருபது வருடம் காத்திருந்து காட்டியவர்கள்தான்.

ஆலந்தூர் மண்டலத்துக்கு உடனடியாக ஒன்று செய்யலாம். நிறுவனத்தோடு மாநகராட்சி செய்துகொண்ட ஒப்பந்தத்தை இணையதளத்தில் வெளியிடட்டும். வார்டுவாரியாக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தினக்கூலி என்ன, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்பதை மாதாமாதம் போடட்டும். கூலி தாமதமானால் நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையில் பிடித்துத் தொழிலாளியின் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் விதியை அடுத்த டெண்டரில் எழுதட்டும்; மாநகராட்சியின் அடிமட்ட நிரந்தர ஊழியர் வாங்கும் ஊதியத்துக்குக் குறைவாகக் கூலி காட்டும் எந்த விலைப்புள்ளியையும் ஏற்காமல் திருப்பி அனுப்பட்டும். வார்டு கவுன்சிலர்கள் இதை மண்டலக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். கொண்டுவரச் சொல்லி எழுத்துப்பூர்வமாகக் கேட்க என்.ஜி.ஓ. காலனியிலிருந்தும் டெலிபோன் காலனியிலிருந்தும் குடியிருப்போர் சங்கங்கள் முன்வர வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் அதிகம் உள்ள சங்கங்கள் அவை. மனு எழுதவும், விதி எண்ணைச் சுட்டிக்காட்டவும், பதில் வரும்வரை விடாமல் கேட்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.